ஆடுமுன்னே அரியணையா?

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

கூடைப்பந்து என்றதும் நம் கல்லூரி நண்பர்கள் பலருக்கு நினைவுக்கு வருபவை, விளையாட்டுத் திடலின் மூலையில் வலையிழந்து நிற்கும் இரண்டு இரும்பு வளையங்கள்தாம். ஆனால் அமெரிக்க நாட்டில் கல்லூரி மாணவர் ஆடும் கூடைப்பந்து ஒரு பெருந்திருவிழா. நவம்பர் மாதத் தொடக்கத்தில் கொடியேறி, மார்ச்சில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டியாக விரிந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் இறங்கும் திருவிழா அது. அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை. கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு முதல் வகுப்புக்குத் தூங்கி வழிந்தபடி வரும் மாணவர் சிலர் நம்மிடையே உண்டு. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!

அந்தத் திருவிழாவுக்கு முன் அங்கே நடக்கும் ஒரு சடங்கைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். ஒரு பந்துகூட எறியப்படாத அக்டோபர் மாதத்திலேயே, "இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் இவர், அடுத்தவர் இவர்" என்று வரிசை போட்டு அறிவித்துவிடுவார்கள். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பதுகூடப் பரவாயில்லை. இது பிள்ளை பிறக்குமுன் பரிசு கொடுப்பது.

முதலில் 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல்லை விளக்கிவிட வேண்டும். அது மேடை போட்டுப் பேசும் மாநாடு அன்று. தமக்குள் ஆண்டுதோறும் ஆடிக்கொள்வதற்காகச் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் கூட்டு. 'பிக் டென்' என்பது அவற்றில் மூத்தது. 1896ஆம் ஆண்டு தோன்றியது. பெயரில் பத்து இருக்கிறது. 2024இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கையோ 18! 'அட்லாண்டிக் கோஸ்ட்' கூட்டு 1953இல் பிறந்தது. அட்லாண்டிக் கரை என்று பெயர் வைத்துக்கொண்டே, அதே 2024இல் பசிபிக் கரையோரத்துக் கலிபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டது. எண்ணும் தெரியாது, திசையும் தெரியாது. வரிசை போட மட்டும் தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த ஆட்டம் நமக்கு அவ்வளவு அந்நியமானதும் அன்று. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக்கூடைகள் இரண்டை உயரே மாட்டி 13 விதிகளை எழுதி இதைத் தொடங்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற எச்.சி. பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நெய்ஸ்மித் பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர் ஆனார். அப்பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றிகளைவிடத் தோல்விகளை மிகுதியாகக் கண்ட ஒரே பயிற்சியாளர் அவர்தான். வரிசை போட்டால், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே அங்கே கடைசி!

அக்டோபரில் செய்தியாளர்கள் கூடி வாக்களிக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை பந்துகளைப் பிடித்தார், எந்தப் பல்கலைக்கழகத்துச் சட்டையை அணிகிறார், பள்ளிப் பருவத்தில் எவ்வளவு பேசப்பட்டார் என்பவற்றைப் பார்த்துப் பெயர் எழுதுகிறார்கள். எண்ணி முடித்ததும் ஒருவர் தலையில் மகுடம் வைக்கப்படுகிறது. 18 அணிகள் உள்ள கூட்டில் ஒவ்வோர் அணியின் பயிற்சியையும் நேரில் பார்த்துவிட்டு வாக்களிக்கும் செய்தியாளர் யாரேனும் இருப்பாரா என்பது என் ஐயம்.

இதை நான் என் தந்தையிடம் ஒரு நாள் விளக்க வேண்டியதாயிற்று. அவர் தறி நெய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். "ஏம்ப்பா, ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லேங்கிற. அதுக்குள்ள யாரு மொதல்னு எப்படிப் போட்டாங்க?" என்றார். "போன வருசம் ஆடினதை வச்சுத்தான்" என்றேன். "அப்ப அது போன வருசத்துக் கணக்கு. அதை இந்த வருசத்துக் கணக்குன்னு ஏன் சொல்றாங்க? ஒரே பாவு, ஒரே நூலு, தறி மாறுனா நெசவு மாறிடுமே" என்று சொல்லிவிட்டுக் குழியில் இறங்கிவிட்டார்.

அவர் சொன்னதை அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டின் நான்கு ஆண்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். 2022-23 பருவத்துக்கு முன் மகுடம் பெற்றவர் வடகரோலினாவின் அர்மாண்டோ பேகாட். பருவம் முடிந்தபோது விருது பெற்றவர் மயாமியின் ஐசயா வாங். 2023-24இல் முன்னே சொல்லப்பட்டவர் டியூக்கின் கைல் ஃபிலிபாவ்ஸ்கி. பின்னே பெற்றவர் வடகரோலினாவின் ஆர்.ஜே. டேவிஸ். சரி, டேவிஸ்தான் வல்லவர் என்று தெரிந்துவிட்டதே என்று 2024-25க்கு அவரையே முதலில் வைத்தார்கள். விருதைக் கொண்டுபோனவர் டியூக்கில் அப்போதுதான் காலடி வைத்த கூப்பர் ஃபிளாக். மெய்ன் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்குப் பருவம் தொடங்கியபோது வயது 17. இவற்றுக்கெல்லாம் முந்திய 2021-22இல் விருது பெற்ற அலாண்டஸ் வில்லியம்ஸின் கதையோ இன்னும் சுவையானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கு ஆண்டுகள், நான்கு முறையும் முன்மகுடம் ஒருவருக்கு, பின்மகுடம் வேறொருவருக்கு. செய்தியாளர்களின் அறியாமை இது என்று சொல்லமாட்டேன். அவர்கள் சொன்ன ஆட்டக்காரர்கள் யாரும் சோடை போனவர்கள் அல்லர். பேகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தப் பருவத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு 15 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். பத்துப் பந்துகளுக்கு மேல் பிடித்தார். அவரிடம் எதிர்பார்த்ததை அவர் செய்தார். ஆயினும் நடந்தது என்ன?

2022 ஏப்ரலில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் வடகரோலினா முதற்பாதியில் 15 புள்ளி முன்னிலையில் இருந்து, பின்பு கன்சாஸிடம் 72-69 என்று தோற்றது. அந்த அணியின் முதல் ஐவரில் நால்வர் மறு ஆண்டும் திரும்பி வந்தனர். போதாதா? செய்தியாளர்கள் வடகரோலினாவை நாட்டின் முதல் அணியாக அறிவித்தார்கள். பேகாட்டுக்கு மகுடம். அணி 20 வெற்றி, 13 தோல்வி என்று முடித்து, தேசியப் போட்டிக்கே அழைக்கப்படாமல் வீட்டில் இருந்தது. 1985இல் அப்போட்டி 64 அணிகளாக விரிந்தபின், பருவத்துக்கு முன் முதலிடம் தரப்பட்ட அணி ஒன்று உள்ளே நுழையாமலே போனது அதுதான் முதல் முறை.

திரும்பி வராத அந்த ஐந்தாமவர் யார்? பிராடி மேனெக். ஆறடி ஒன்பது அங்குலம் உயரம். அந்த உயரத்தோடு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, எறிந்த பத்தில் நான்கைக் கூடையில் போடுபவர். இதன் பொருளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் வெளியே நின்றால் எதிரணியின் நெட்டையர் ஒருவர் கூடையடியை விட்டு அவரிடம் ஓடியாக வேண்டும். ஓடினால் கூடையடியில் இடம் பிறக்கும். அந்த இடத்தில்தான் பேகாட் ஆடினார். சந்து கிடைத்ததால் சிறிய ஆட்டக்காரர்களும் உள்ளே புகுந்தார்கள். மேனெக் போனார், இடம் மூடிக்கொண்டது, முன்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் விழுந்த தொலை எறிகள் மூன்றில் ஒன்றுகூட விழாமல் போயின. பேகாட் அதே பேகாட்தான். அவர் நின்ற தறி மாறிவிட்டது. வரிசைப் பட்டியலில் பெயர் இருக்கும், எண் இருக்கும். இருவருக்கு நடுவில் பிறக்கும் இடத்துக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது?

இதே அணியிலிருந்து இன்னொரு சான்று. ஆர்.ஜே. டேவிஸும் கேலப் லவ்வும் அந்த வீழ்ந்த அணியின் இரண்டு முன்வரிசைப் பந்தாளர்கள். இருவருக்கும் பந்து வேண்டும், பந்தோ ஒன்று. 2023இல் லவ் அரிசோனாவுக்குப் போய்விட்டார். மறுபருவம் என்ன ஆயிற்று தெரியுமா? டேவிஸ் ஆட்டத்துக்கு 21 புள்ளி எடுத்து அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். லவ் பசிபிக்-12 கூட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்! கடைசியாகச் சேர்ந்து ஆடிய பருவத்தில் தேசியப் போட்டிக்கே போக முடியாத இருவர், பிரிந்தபின் ஆளுக்கொரு கூட்டில் முதல்வர்கள். 2023 அக்டோபரில் இதை எழுதியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

இனி அலாண்டஸ் வில்லியம்ஸ். ஓக்லஹோமாவில் ஆடிய கடைசி ஆண்டில் அவர் ஆட்டத்துக்கு ஏழு புள்ளிகூட எடுக்கவில்லை. 2021இல் அங்கே பயிற்சியாளர் லான் க்ரூகர் ஓய்வுபெற்றார். பிள்ளைகள் பலர் கலைந்தனர். வில்லியம்ஸ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த அணிக்கே கூட்டின் வரிசையில் அடிமட்டத்தில்தான் இடம் தந்திருந்தார்கள். ஆட்டக்காரர் வரிசையில் அவரைத் தேடிப் பயனில்லை. பருவம் முடிந்தபோது அவருடைய சராசரி 18 புள்ளியைத் தாண்டியிருந்தது. பிறர் புள்ளி எடுக்கத் தந்த பந்துகள் ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல். கூட்டின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேலே நான் பாராட்டிய மேனெக்கும் அதே ஆண்டு அதே ஓக்லஹோமாவிலிருந்து வெளியேறியவர்தான். ஒரே கதவு வழியே வந்த இருவர் ஒரு கூட்டின் கணக்கையே மாற்றிவிட்டனர். முந்திய ஆண்டின் புள்ளிவிவர ஏட்டில் இதற்கு ஒரு வரியாவது உண்டா?

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? வரிசைகள் பலித்ததும் உண்டு. பிக் டென்னில் 2020-21க்கு முன் எல்லோரும் கை நீட்டியது ஐயோவாவின் லூக்கா கார்ஸாவை; அவரே பெற்றார். 2023-24க்கு முன் பர்டூவின் சாக் ஈடியை, அவரும் பெற்றார். பெண்கள் ஆட்டத்தில் ஐயோவாவின் கேட்லின் கிளார்க்கை யார் முதலில் வைத்தாலும் தவறாது என்ற நிலை இருந்தது; 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் பிக் டென் விருது அவருக்கே. ஆனால் இவர்களிடம் ஒரு பொதுமையைக் காண்கிறேன். மூவரும் அதே பல்கலைக்கழகத்தில், அதே பயிற்சியாளரிடம், பழகிய சூழலில் நான்காம் ஆண்டை ஆடியவர்கள்.

கணிதம் பயிலும் நண்பர்களுக்கு இது புதிதன்று. கொடுத்த மதிப்புகளுக்கு இடையில் ஒன்றைக் காண்பது இடைச்செருகல். எல்லைக்கு வெளியே தாவிச் சொல்வது புறச்செருகல். சார்பு சீராக நடக்கும்வரை புறச்செருகல் நன்றாகவே பலிக்கும். வளைவு திடீரென்று திரும்பும் இடத்தில்தான் கையைக் கடிக்கும். கார்ஸாவும் கிளார்க்கும் சீரான சார்புகள். இடம் மாறியவரும் புதிதாக வந்தவரும் வளைவின் திருப்பங்கள். இப்போதோ திருப்பங்களே மிகுதி. முன்பெல்லாம் பல்கலைக்கழகம் மாறும் கூடைப்பந்தாளர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒரு முறை மாறுவதற்கு அந்தத் தடை நீங்கியது. 2024இல் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று ஆயிற்று. ஒவ்வோர் இளவேனிலிலும் அணிகள் கலைந்து சேர்கின்றன. புறச்செருகல் மிகக் குறைவாகப் பலிக்கும் காலத்தில், அதை மிக உரத்த குரலில் அறிவிக்கிறார்கள்!

சாக் ஈடியின் பெயரை மறுபடியும் எடுக்கிறேன். அவர் இரு தரப்புக்கும் சாட்சி. கனடாவின் டொராண்டோ நகரத்துப் பிள்ளை. ஏழடி நான்கு அங்குலம். சிறுவயதில் பனி ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர்; கூடைப்பந்துக்கு வந்ததே தாமதமாக. பள்ளி முடித்த ஆண்டில் நாட்டின் இளம் ஆட்டக்காரர் வரிசையில் அவருடைய இடம் நானூறுக்கும் அப்பால். 2022-23க்கு முன் பிக் டென் மகுடம் இந்தியானாவின் டிரேஸ் ஜாக்சன்-டேவிஸுக்கே தரப்பட்டது. ஈடி அந்த ஆண்டும் மறு ஆண்டும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1983இல் முடிந்த ரால்ஃப் சாம்ப்சன் காலத்துக்குப் பின் அடுத்தடுத்து அப்படிப் பெற்றவர் அவர்தான். அவர் புகழின் உச்சியில் இருந்த 2023 மார்ச்சில், நாட்டின் முதல் நிலை அணிகளிலேயே மிகக் குள்ளமான ஃபேர்லி டிக்கின்சன் அணி பர்டூவை 63-58 என்று வீழ்த்தியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

"ஆட்டத்துக்கு முன் பேசும் பேச்சு ஒரு சுவை, அதையும் ஏன் கெடுக்கிறாய்?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். சுவை என்பதை மறுக்கவில்லை. தேநீர்க்கடையில் பேசும் பேச்சாக இருந்தால் நானும் முதல் ஆளாய்ப் பேசுவேன். ஆனால் இந்த வரிசைக்கு விளைவு உண்டு. 2021 ஜூலையிலிருந்து அங்கே மாணவ ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருள் ஈட்டலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். பெயர் பெற்றவனைத் தேடித்தானே பணம் வரும்? வரிசையில் ஏறிய பெயர் பேரத்தில் ஏறும். ஏறாத பெயர் இருக்கையின் ஓரத்தில் காத்திருக்கும். பந்து யார் கைக்கு முதலில் போகிறது என்பதையேகூட அது தீர்மானிக்கலாம். பத்து நிமிடம் களத்தில் நிற்க வாய்ப்புப் பெறாதவன் தன் திறமையை எதைக் கொண்டு காட்டுவான்?

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். கலந்தாய்வு நாளில் ஒரு சுவரில் ஒட்டியிருந்த தரவரிசைப் பட்டியலில் தன் பெயரை மேலிருந்து தேடாமல் கீழிருந்து தேடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த எண் நம் மதிப்பெண்ணை அறியும். இரவில் விளக்கு யார் வீட்டில் இருந்தது, பாடம் சொல்லித்தர யார் வீட்டில் ஆள் இருந்தது என்பதை அறியாது. இடம் கொடுக்க ஏதாவது ஒரு வரிசை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடைப்பந்தில் யாருக்கும் இடம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் அக்டோபரில் இல்லை. நவம்பரில் பந்தே வந்து பேசப்போகிறது.

ஆகவே என் கருத்து இது. பருவத்துக்கு முன் கவனிக்கத்தக்கவர் என்று பதினைந்து பேரைச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட வேண்டாம். ஒவ்வொருவர் பெயரின் பக்கத்திலும், சென்ற ஆண்டு அவரோடு ஆடிய நால்வரில் எத்தனை பேர் இந்த ஆண்டும் உடன் இருக்கிறார்கள் என்று ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். பேகாட்டின் பெயருக்குப் பக்கத்தில் "மூவர் உண்டு, மேனெக் இல்லை" என்று 2022 அக்டோபரில் எழுதியிருந்தால், வாசகர் அந்தக் கடைசிச் சொற்களில் கொஞ்ச நேரம் நின்றிருப்பார். புதிதாக வந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். கூட்டின் உள் ஆட்டங்கள் பெரும்பாலும் சனவரியில்தான் சூடுபிடிக்கின்றன. எண் போட்டே தீர வேண்டுமென்றால் அப்போது போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்டோபரில் அச்சிட்ட அதே பட்டியலை மார்ச்சில் விருதுப் பட்டியலின் பக்கத்திலேயே, ஓர் எழுத்தும் மாற்றாமல், மறுபடி அச்சிடட்டும். வாக்களித்தவர்களின் பெயர்களோடு.